ரேடியம் ஸ்டிக்கருக்கு 18,500 ரூபாய் கொடுத்தேன்

கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். ஒரு போலிக் கல்லுக்குப் போனது 18,500 ரூபாய். ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் போட் இன்ஜின் ஸ்பேர் கடையில் நிற்கிறவனுக்கு அது ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

ஆறு வருடமாகக் கனிமக் கல் சேர்க்கிறேன். புனே பக்கத்துப் பச்சை அபோபிலைட், ஜல்காவ் ஸ்டில்பைட், வாகோலியின் நீலக் கேவன்சைட், எல்லாம் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க்குள். தூக்கத்தைக் கெடுத்தது யுரேனியக் கனிமங்களின் நிறம். யுரேனியம் என்றால் ஏதோ கறுப்பாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எலுமிச்சை மஞ்சளில் இருக்கிறது, கிளிப்பச்சையில் இருக்கிறது. டார்பர்னைட் என்று ஒன்று, மரகதப் பச்சையில் சதுரச் சதுரத் தகடுகளாகப் பாறைமேல் உட்கார்ந்திருக்கும்.

பழைய பொருள் விற்கிற ஒரு ஆப்பில் அது வந்தது. காங்கோ சரக்காம். "ஹிரோஷிமா குண்டுக்கு யுரேனியம் போச்சுல்ல, அதே நாடு தம்பி" என்றார் விற்றவர். அது உண்மைதான், பொய்யே இப்படிப் பாதி உண்மையோடுதானே வருகிறது. இருட்டறையில் கல் பச்சையாக ஜொலிக்கும் வீடியோ அனுப்பினார். அப்போதும் தயங்கினேன். "எனக்கும் தேவிபட்டினம் பக்கம்தான் தம்பி. கடலுக்குள்ள நவபாஷாணக் கல்லைக் கும்பிடுற ஊர்க்காரன், கல்லுல ஏமாத்துவானா?" என்றார். அங்கேதான் விழுந்தேன். ஆப் வழியாகப் போனால் கமிஷன் போகும் என்றார். நேரடியாக ஜிபே செய்தேன். கல்லுக்கு 16,000, கதிர்வீச்சு வெளியே வராதபடி ஈயப் பெட்டிக்கு 2,500.

பார்சலை முதலில் தூக்கிப் பார்த்தவர் அப்பா. "இது ஈயமா? வலைக்கு ஈயம் கோத்த கைடா இது!" பிஸ்கட் டின்னுக்குள் சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாள். எனக்குக் கோபம், அப்பா மேல்.

கடையில் கள்ளநோட்டு பார்க்கிற யூவி (புறஊதா) லைட்டை ராத்திரி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடித்ததும் பச்சை. ஆகா என்று மனைவியைக் கூப்பிட்டேன். லைட்டை அணைத்தேன். கல் அணையவில்லை. ஐந்து நிமிடம் கழித்தும் மின்னிக்கொண்டே இருந்தது. "பைக்ல ஒட்டுற ரேடியம் ஸ்டிக்கர் மாதிரியே இருக்குங்க" என்றாள்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். டார்பர்னைட்டில் செம்பு இருக்கிறது, அது ஒளிர்வை அமுக்கிவிடும். யூவியில் மஞ்சள் பச்சையாக ஜொலிப்பது அதன் பங்காளி ஆட்டுனைட், அதில் செம்புக்குப் பதில் கால்சியம். அதுவும் லைட்டை அணைத்த கணமே அணைந்துவிடும். எந்த ஜொலிப்பைப் பார்த்து நம்பினேனோ, அதுதான் போலி என்பதற்கு அத்தாட்சி. ஊசியால் ஒரு தகடை நெம்பினேன். உண்மையானது உதிரும், இது வளைந்தது. நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன், பஞ்சு பச்சையானது. கீழே அரால்டைட் பசை, அதற்கும் கீழே ஏதோ ஜல்லிக்கல். நிஜ யுரேனியக் கல்லில் நிஜ ரேடியம் துளியாவது இருக்கும். எனக்கு வந்தது ஸ்டிக்கர் ரேடியம்.

போன் செய்தேன். "சார்ஜ் ஏறியிருக்கும் தம்பி, ரெண்டு நாள் இருட்டுல வைங்க." கல்லுக்குச் சார்ஜாம்! இரண்டு நாள் கழித்து, வெளியூரில் இருக்கிறார். அடுத்த வாரம், வீட்டில் துக்கம். ஆப்காரர்களிடம் போனால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, வருந்துகிறோம் என்று மூன்று முறையும் எழுத்து மாறாத அதே பதில். போலீசுக்குப் போவேன் என்றதும் விற்றவர் ஒரு செய்தித் துண்டு அனுப்பினார். 2021-இல் மும்பையில் ஏழு கிலோ யுரேனியத்தோடு இரண்டு பேர் கைதான செய்தி. கீழே "யுரேனியம் வாங்குனேன்னு சொல்லித்தானே கேஸ் குடுப்பீங்க?" என்று ஒரு வரி. விற்றது ஜல்லி, மிரட்டுவது யுரேனியத்தை வைத்து. அதோடு பிளாக். 18,500 ரூபாயும் அதோடு சரி.

அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது, அதுதான் எரிகிறது. அணுசக்திச் சட்டப்படி யுரேனியம் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். வாங்கும்போது நான் அதை யோசிக்கவே இல்லை. நிஜமாக வந்திருந்தால் படுக்கையறை அலமாரியில் வைத்திருப்பேன், கதிர்வீச்சுள்ள ரேடான் வாயு கசிகிற கல்லை, பிள்ளை தூங்குகிற அறையில். "போலியா வந்ததே நல்லது" என்கிறாள் மனைவி. 18,500 போனது அவளுக்கு இன்னும் முழுதாகத் தெரியாது, 8,500 என்று சொல்லியிருக்கிறேன்.

எப்படி வாங்குவது என்று விளக்கமாக எழுதத்தான் ஆரம்பித்தேன், பொறுமை இல்லை. ஆப்புக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். ஊர்ப் பெயர் சொன்னால் உருகாதீர்கள். ஜொலிக்கிற வீடியோ அனுப்பினால், லைட்டை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். யுரேனியக் கல்லே நமக்கு வேண்டாம். பணம் போனால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், நான் பதினெட்டு நாள் கழித்துச் செய்தேன்.

நேற்று ராத்திரி அதே ஆப்பில், வேறு பெயரில், அதே வீடியோ. விலை 22,000. ஈயப் பெட்டி இலவசமாம்.