ஒரே தொகுப்பா, இரண்டு நூல்களா?

பாறசாலையில் மறைந்த தமிழாசிரியரின் நினைவுக் குறிப்புகளையும் விமர்சனக் கட்டுரைகளையும் சேர்த்து வெளியிடுவதா, பிரித்தா? நண்பர்களிடையே இன்னும் இழுபறி.

சேர்த்தால் ஒன்று மற்றொன்றுக்கு வெளிச்சம் தரும். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைய, பாறசாலை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அந்த ஆதங்கம் தெரிந்தால்தான், மலையாள நாவல்களை அவர் ஏன் அத்தனை காட்டமாக எடைபோட்டார் என்பது விளங்கும்.

பிரித்தால் நூல் கைக்கு அடக்கம், விலையும் குறைவு. பதிப்புரிமைக் கணக்கும் வேறு: வாழ்நாளில் அச்சேறிய கட்டுரைகளுக்கு மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள்; அச்சேறாத குறிப்பேட்டுக்கு வெளியீட்டுக்குப் பின் 60.

என் ஓட்டு ஒரே தொகுப்புக்குத்தான். ஓரங்களில் பச்சை மையில் அவர் கிறுக்கிய திருத்தங்கள் அடிக்குறிப்பாக வரட்டும். முன்னுரை என்ற பெயரில் பக்கம் பக்கமாகப் புகழாரம் மட்டும் வேண்டாம்.