கண்ணுக்கு ஓய்வு கொடுத்த கூட்டணி: ரீப்பர், ஓசாரா, என்விடிஏ

எனக்கு விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு. தெருவில் தனியாக நடப்பேன், எதிரில் வருபவரை நடையை வைத்தே சொல்லிவிடுவேன், ஆனால் எந்த எழுத்தைப் படிக்க நினைக்கிறேனோ அந்த எழுத்துதான் கலங்கிப்போகும். ஒலிப்பதிவு மென்பொருள்களில் பொத்தான்கள் அரிசி அளவுதான், அதுவும் சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல். கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனபோது "இது கண்ணால செய்ற வேலைப்பா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதமாக வீட்டிலேயே பதிவு செய்கிறேன். அவர்கள் சொன்னது சரியில்லை.

முதலில் விண்டோஸிலேயே இருக்கும் மேக்னிஃபையரோடு மல்லுக்கட்டினேன். விண்டோஸ் விசையோடு பிளஸ் தட்டினால் திரை பெரிதாகும், கண்ட்ரோல் ஆல்ட் ஐ சேர்த்துத் தட்டினால் நிறம் தலைகீழாகி வெள்ளைத் திரையின் கூச்சம் போய்விடும். மெயில் படிக்க அருமை. ஆனால் 400 சதவீதத்தில் வைத்தால் திரையில் பதினாறில் ஒரு பங்குதான் தெரியும், ஒரு டிராக்கின் (தனித்தனியாகப் பதிவாகும் ஒலி வரிசை) ஒலியளவைக் குறைக்க மவுஸை நகர்த்தினால் மீட்டர் எங்கே போனது என்று தேட வேண்டும், அரை மணி நேரத்தில் கழுத்து வலி, அப்புறம் தலைவலி. (குழாய் வழியாகப் பார்ப்பது போல் பார்வை குறுகியவர்களுக்குப் பெரிதாக்கினால் இன்னும் கஷ்டம், இருக்கிற சின்ன வட்டத்துக்குள் எழுத்து அடங்காது. அவர்கள் நிறமாற்றத்தை மட்டும் வைத்துப் பார்க்கலாம்.)

கொஞ்சம் பார்வை இருக்கும்போது திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் எதற்கு என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டேன். அது எனக்கு நானே செய்துகொண்ட அநியாயம்.

அப்படித் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள்தான் என்விடிஏ, இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத இரண்டு நிரலர்கள், மைக்கேல் கரனும் ஜேமி டேயும், கட்டியெழுப்பியது. நான் பதிவு செய்யும் மென்பொருள் ரீப்பர். அதில் நடப்பதை என்விடிஏ வாய்விட்டுச் சொல்வதற்காக அதே ஜேமி டே உருவாக்கிய இணைப்புதான் ஓசாரா, அதுவும் இலவசம். மேல் கீழ் அம்புக்குறியை அழுத்தினால் எந்த டிராக்கில் நிற்கிறோம் என்று பெயர் சொல்லும், எஃப்7 தட்டினால் அந்த டிராக் பதிவுக்குத் தயாராகும், கண்ட்ரோல் ஆர் தட்டினால் பதிவு ஓடும். எஃப்12 இன்னும் பிடிக்கும்: அதை ஒருமுறை தட்டிவிட்டால் அடுத்து எந்த விசையைத் தொட்டாலும் வேலையைச் செய்யாமல் அது என்ன விசை என்று மட்டும் சொல்லும். முதல் நாள் சாயங்காலம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

நண்பர் மிருதங்கம் வாசிக்க வந்த அன்றுதான் இதன் அருமை முழுதாகத் தெரிந்தது. சாப்பு அடி விழும்போதெல்லாம் ஒலி அளவு தாண்டிச் சிதறும், மீட்டரில் சிவப்பு மின்னி மறைவதை என் கண்ணால் பிடிக்கவே முடியாது. ஓசாராவின் பீக் வாட்ச்சரில் ஒரு அளவைக் குறித்து வைத்தேன், அதைத் தாண்டியதும் எண்ணோடு காதில் சொன்னது. மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தோம். அடுத்த டேக் சுத்தம்.

மேக்னிஃபையரை விட்டுவிடவில்லை. என்விடிஏ அமைப்புகளில் நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி வண்ணக் கட்டம் போடும் வசதி இருக்கிறது, அதை அவசியம் போட்டுக்கொள்ளுங்கள், காதில் கேட்பதைக் கண் உடனே தேடிப் பிடிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. வெளியிலிருந்து வாங்கும் பிளகின்கள் (ரீப்பருக்குள் சேர்த்து ஓட்டும் துணை மென்பொருள்கள்) பலவற்றில் திரை வெறும் படம்தான், என்விடிஏவுக்கு ஒன்றும் தெரியாது. பி விசையில் ஓசாரா அவற்றின் அளவுகளைப் பட்டியலாகக் காட்டும், அது பாதிக் கவலையைத் தீர்க்கும், ஆனால் பிரீசெட் (முன்கூட்டியே அமைத்து வைத்த அளவுத் தொகுப்பு) தேர்வு செய்ய இன்னும் பக்கத்தில் ஒருவர் வேண்டியிருக்கிறது. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் தமிழ்க் குரல் இயந்திரத்தனமானது, ரீப்பரே ஆங்கிலத்தில் இருப்பதால் இந்த வேலைக்கு நான் ஆங்கிலக் குரலையே வைத்திருக்கிறேன். ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். தரும் வேலைக்கு அது அதிகமில்லை.

பதிவு செய்யும்போது கட்டாயம் ஹெட்ஃபோன் போடுங்கள், இல்லையென்றால் என்விடிஏவின் பேச்சும் மைக்கில் ஏறிவிடும், என் முதல் ஆலாபனை அப்படித்தான் போனது. இன்னொன்று, ஓசாராவை நிறுவும்போது ரீப்பரின் விசை அமைப்பை மாற்றவா என்று கேட்கும். ஆமாம் என்று கொடுங்கள். வேண்டாம் என்று கொடுத்துவிட்டு எஃப்7 ஏன் வேலை செய்யவில்லை என்று இரண்டு நாள் தேடியிருக்கிறேன்.