டிவியில் எழுத்து மங்கலா? கேபிள், ரிமோட், விண்டோஸ், புது மானிட்டர்: எது வேலைக்கு ஆகும்?

டிவியை கம்ப்யூட்டரோடு இணைத்தால் வீடியோ பளிச்சென்று ஓடும். எக்செல்லைத் திறந்தால்தான் கண் வலிக்கும். யாரிடம் கேட்டாலும் ஒரு வைத்தியம் கைவசம் வைத்திருப்பார்கள். கேபிளை மாத்து என்பார் ஒருவர். விண்டோஸில் எழுத்தை மெருகேற்றும் கிளியர்டைப் போடு என்பார் இன்னொருவர். பேசாம மானிட்டர் வாங்கிடு என்பார் மூன்றாமவர். டிவியின் மெனுவுக்குள் போய்ப் பார் என்று சொல்பவர்தான் குறைவு. நான் அங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

கேபிள் கதையை முதலில் முடித்துவிடலாம். எச்டிஎம்ஐ டிஜிட்டல் சமாச்சாரம். கேபிள் சரியில்லை என்றால் திரையில் வெள்ளைப் பொட்டுகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது ‘நோ சிக்னல்’ என்று நிற்கும். எழுத்து மட்டும் மெல்ல மங்குவது கேபிளின் குணமல்ல. 4கே படம் நொடிக்கு 60 முறை (60 ஹெர்ட்ஸ்) வர, நொடிக்கு 18 ஜிகாபிட் (ஜிபிபிஎஸ்) தாங்கும் கேபிள் இருந்தால் போதும். தங்க முலாம் பூசிய முனைக்குக் கூடுதல் காசு கொடுப்பது கடைக்காரருக்குத்தான் லாபம்.

இப்போது ரிமோட்டை எடுங்கள். டிவி தனக்குள் வரும் எதையும் சினிமா என்றே நினைக்கிறது. அதனால் இரண்டு வேலை செய்கிறது. இரண்டுமே எழுத்துக்கு எமன்.

ஒன்று ஓவர்ஸ்கேன். குழாய் டிவி காலத்து வழக்கம் இது. நான்கு ஓரத்திலும் கொஞ்சம் வெட்டிவிட்டு, மிச்சப் படத்தை இழுத்துத் திரையை நிரப்பும். டாஸ்க்பார் பாதி மறைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். இழுக்கப்பட்ட படத்தில் ஒரு பிக்சலும் தன் இடத்தில் உட்காராது. எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’, ஷார்ப்பில் ‘டாட் பை டாட்’ என்று பெயர்தான் வேறு வேறு. இதே குறையை கம்ப்யூட்டர் பக்கமிருந்து சரிசெய்ய ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரில் எச்டிஎம்ஐ ஸ்கேலிங் என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. ஓரம் தெரிகிறதே என்று பலர் அதை நகர்த்திவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். ஆனால் அங்கே கம்ப்யூட்டர் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது, டிவி அதை மறுபடி இழுக்கிறது. ஓரம் வந்துவிடும், எழுத்து முன்பைவிட மோசமாகும். இந்த ஒரு விஷயத்தில் டிவி மெனுதான் சரி, டிரைவர் ஸ்லைடர் தப்பு, நடுநிலைக்கு இடமில்லை.

இரண்டாவது, நிறத்தைச் சிக்கனம் செய்வது. மனிதக் கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு தெரியும் அளவுக்கு நிற வேறுபாடு நுணுக்கமாகத் தெரியாது. அதனால் வீடியோவில் நிறத் தகவலைக் குறைத்தே வைக்கிறார்கள். 4:2:0 என்றால் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல். 4:4:4 என்றால் பிக்சலுக்குப் பிக்சல் தனித்தனி. படம் பார்க்கும்போது வித்தியாசமே தெரியாது. எழுத்தில் தெரியும். பெயின்டைத் திறந்து நீலப் பின்னணியில் சிவப்பில் சின்னதாக ‘கண்ணன் பக்கம்’ என்று அடித்துப் பாருங்கள். 4:4:4 வந்தால் புள்ளி தனியாக நிற்கும், ‘ண’வின் சுழிகளை எண்ணலாம். வராவிட்டால் ‘க்’ மேலிருக்கும் புள்ளி கரைந்துபோய் ‘பககம்’ ஆகிவிடும், ‘ண’வும் ‘ன’வும் ஒரே மொத்தையாகத் தெரியும். கணக்குப் பார்ப்பவர்கள் நஷ்டத்தைச் சிவப்பில் போடுவார்களே, அவர்களுக்கு இது விளையாட்டு விஷயமில்லை.

இதற்கு மருந்து, அந்த எச்டிஎம்ஐ இன்புட்டை பிசி என்று டிவிக்கு அறிமுகப்படுத்துவது. சாம்சங்கிலும் எல்ஜியிலும் இன்புட் பட்டியலில் எடிட் போட்டு வகையை அல்லது ஐகானை ‘பிசி’ ஆக்க வேண்டும். சோனியில் படத்தின் மோடை ‘கிராஃபிக்ஸ்’ அல்லது ‘கேம்’ ஆக்கலாம். 4கே டிவி என்றால் இன்னொரு பூட்டும் உண்டு, அதையும் ஆன் செய்து திறக்க வேண்டும்: சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘அல்ட்ரா எச்டி டீப் கலர்’, சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மேட்டில் ‘என்ஹான்ஸ்டு’. கூடவே ஷார்ப்னஸையும் பாருங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் ஓடினால் அது அதிகம். பூஜ்யமாக்கிவிடுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் சோனியில் 50தான் நடு. அதற்குக் கீழே போனால் டிவியே மங்கலாக்கும்.

இவ்வளவுக்கும் செலவு பூஜ்யம். பெரும்பாலான டிவிகளில் பாதிக்கு மேல் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

கம்ப்யூட்டர் பக்கம் செய்ய வேண்டியதில் முதலாவது ரெசல்யூஷன். 4கே டிவிக்கு 1080பி அனுப்பிவிட்டு ‘சரியா ரெண்டு மடங்குதானே’ என்று கணக்குப் போடாதீர்கள். பல டிவிகள் பிக்சலை இரட்டிப்பாக்காமல் குழைத்துத்தான் பெரிதாக்குகின்றன. 4கே-யை அப்படியே அனுப்பி, எழுத்து சிறிதாக இருந்தால் விண்டோஸ் ஸ்கேலிங்கை 150 சதவீதம் வையுங்கள். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு என்றால் அதன் செட்டிங்கில் வெளியீட்டு நிற வடிவத்தை ஆர்ஜிபி (பிக்சலுக்குப் பிக்சல் முழு நிறம்), ரேஞ்சை ஃபுல் ஆக்குங்கள்.

இங்கே பழைய லேப்டாப்காரர்களுக்கு ஒரு சிக்கல். எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே முழு நிறத்தோடு 30 ஹெர்ட்ஸ்தான் போகும். எழுத்து கச்சிதம், மவுஸ் இழுவை. சில கிராஃபிக்ஸ் கார்டுகள் அதே போர்ட்டில் 60 தரும், ஆனால் 4:2:0-வில். மவுஸ் வழுக்கும், எழுத்து கரையும். படிப்பது மட்டும் என்றால் 30 பரவாயில்லை. நாள் முழுக்க மவுஸ் பிடிக்க 30 ஆகாது. லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டில் படம் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் வசதி இருந்தால், 4கே 60 என்று போட்ட டைப்-சி எச்டிஎம்ஐ அடாப்டர் ஒன்று வாங்குங்கள். பெட்டியில் 30 என்று போட்டதும் பக்கத்திலேயே தொங்கும், படித்துப் பார்த்து எடுக்கவும். இதுவரை சொன்னதில் காசு கொடுத்து வாங்கத் தகுந்த பொருள் இதுதான்.

கிளியர்டைப் கடைசி. அது பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியாக நம்பி எழுத்தின் ஓரத்தை மெருகேற்றுகிறது. 4:2:0-வில் நிறமே கரைந்துபோயிருக்கும்போது அதைத் திருத்துவது, அழுக்குக் கண்ணாடியைத் துடைக்காமல் பவரை மாற்றுவது மாதிரி. டிவி மெனு முடிந்த பிறகு செய்தால் பலன் உண்டு; குறிப்பாகப் பல டிவிகளில் அந்தத் துண்டுகள் நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாக இருக்கும். கிளியர்டைப் ட்யூனரில் எது தெளிவோ அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எல்ஜி ஓஎல்இடியில் கூடவே ஒரு வெள்ளைத் துண்டும் இருப்பதால் இரண்டு வரிசையும் முழுசாகப் பொருந்தாது. அங்கே கிளியர்டைப்பை அணைத்துவிட்டுப் பார்ப்பதும் தவறில்லை. மேக்கில் இந்தத் தொல்லை இல்லை. 2018-ல் வந்த மேக்ஓஎஸ் மொஜாவேயிலேயே ஆப்பிள் இந்த முறையைக் கைவிட்டுவிட்டது.

எந்த வைத்தியத்துக்கும் அடங்காத டிவி ஒன்று உண்டு: 32 இன்ச் ‘எச்டி ரெடி’. 1080பி வாங்கிக்கொள்ளும், ஆனால் பேனலில் இருப்பது 1366×768 தான். 1920 புள்ளியை 1366-க்குள் திணித்தால் எழுத்து நசுங்காமல் என்ன செய்யும்? 1360×768 அனுப்பிப் பாருங்கள். சில டிவிகள் ஏற்கும், சில ஏற்காது. ஏற்றாலும் இன்ச்சுக்கு 49 பிக்சல்தான். 24 இன்ச் 1080பி மானிட்டரில் 92. ஆக, மேஜை மேல் வைத்து இரண்டடி தூரத்தில் வேலை பார்ப்பவர் இந்த டிவியோடு போராட வேண்டாம், மானிட்டர் வாங்கிவிடலாம். மற்றபடி 43 இன்ச் 4கே டிவி வைத்திருப்பவர் வாங்கவே தேவையில்லை. அதில் இன்ச்சுக்கு 102 பிக்சல், அந்த மானிட்டரைவிட அதிகம்.