நீதிமானாக்கப்படுதல்: லூத்தர் சொன்னதும் திரெந்து சொன்னதும்

நீதிமானாக்கப்படுதல் என்றால், பாவியான மனிதன் கடவுள் முன் நீதிமான் ஆவது; அது எப்படி நடக்கிறது என்பதுதான் வழக்கு. பைபிளின் ரோமர் 3:28-ஐ 1522-இல் ஜெர்மனில் பெயர்த்தபோது, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் ‘மட்டும்’ என்ற சொல்லைச் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அது இல்லை. விசுவாசத்தால் மட்டுமே மனிதன் நீதிமான் என்பது அவர் வாதம். அவர் பார்வையில் இது நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி: குற்றவாளி உள்ளே மாறுவதற்கு முன்பே, கிறிஸ்துவின் நீதி அவன் கணக்கில் எழுதப்பட்டு விடுதலை அறிவிக்கப்படுகிறது. நற்செயல்கள் அப்புறம், கனியாக வரும்.

1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் இதை மறுத்தது. இது வெறும் அறிவிப்பல்ல, உள்ளத்தைப் புதுப்பிக்கும் மருத்துவம். அருளோடு மனிதன் ஒத்துழைக்கிறான், அதில் வளரவும் செய்கிறான். ஆனால் தொடக்கம் முழுக்க அருள்தான் என்பதைத் திரெந்தும் விடவில்லை. கத்தோலிக்கர் செயல்களால் மீட்பை விலைக்கு வாங்குகிறார்கள் என்பது பாதி கேட்ட பேச்சு.

தமிழில் ஒரு வேடிக்கை. சீர்திருத்தச் சபையார் வாசிக்கும் பழைய வேதாகமத்தில் ‘நீதிமானாக்கப்படுகிறான்’. மாற்றுவதைச் சொல்லும் அந்த ‘ஆக்க’ திரெந்தின் பக்கம் சாய்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தின் ‘ஏற்புடையவர்’ லூத்தருக்கே பிடித்திருக்கும்!

மனிதன் விசுவாசத்தால் மட்டுமல்ல, செயல்களாலும் நீதிமானாக்கப்படுகிறான் என்று சொல்லும் யாக்கோபு 2:24 மட்டும் லூத்தர் பக்கத்துக்கு இன்றும் நெருடல். என் சாய்வு அவர் பக்கம்தான், ஆனாலும் அந்த வசனத்தை அவசரமாகத் தாண்ட முடிவதில்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் சபைகள், கத்தோலிக்கத் திருச்சபை என இரு தரப்பும் இது பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன.