கீறல், உப்புக் கறை, கல்லடி: சில்வர் ஸ்விஃப்ட்டின் பெயின்ட்டோடு சில வருடங்கள்

வண்டி சில்வர் கலர் ஸ்விஃப்ட். நிற்பது வேளச்சேரிப் பக்கம் ஒரு அபார்ட்மென்டின் திறந்த பார்க்கிங்கில், தூங்குமூஞ்சி மரத்தடியில். கழுவுவது போர் தண்ணீரில். சென்னையில் ஒரு காரின் பெயின்ட்டுக்கு என்னென்ன வருமோ எல்லாம் இதற்கு வந்தாகிவிட்டது. இதுவரை பெயின்டரிடம் விடவில்லை. வாசலிலேயே வைத்துப் பார்த்ததில் எது நின்றது, எது நாலு வாஷில் போய்விட்டது என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். கம்பெனி பெயின்ட்டின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரான் வரை இருக்கும். தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு கலர், கடைசியாக நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் கோட். இந்தக் கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெலிசு. பாலிஷ் போடும்போது கீறலைச் சுற்றியிருக்கும் கிளியரை அதன் ஆழத்துக்குத் தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். போனது போனதுதான். வெயிலைத் தாங்கும் ரசாயனமும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. வருடா வருடம் சர்வீஸில் ரப்பிங் பாலிஷ் போடச் சொல்கிறவர்கள் வைப்புத்தொகையை உடைத்துச் செலவு செய்கிறார்கள். என் கட்சி, முடிந்தவரை தொடாமல் விடுவது.

என் வண்டியில் வந்த கீறல்களில் பெரும்பாலானவை ரோட்டில் வந்தவை அல்ல, பார்க்கிங்கில் வந்தவை. அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்: விடியற்காலையில் ஒருவர் ஒரே பக்கெட் தண்ணீரும் ஒரே துணியுமாக வரிசையாகப் பத்து வண்டியைத் துடைத்துவிட்டுப் போவார். முதல் வண்டியின் மண் நாலாவது வண்டியில் தேயும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குக் கிடைக்கும் காசுக்கு அதுதான் ஆகும். ராத்திரி தெருவிளக்கு வெளிச்சத்தில் போனட்டைப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமாகத் தெரியும். கருப்பு வண்டி என்றால் பகலிலேயே தெரியும். சில்வர் மறைத்துவிடும். நான் அவரிடம் சொல்லிக் கண்ணாடியும் சக்கரமும் மட்டும் துடைக்க வைத்தேன், சம்பளம் அதேதான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பாலிஷிங் மெஷினைவிட இந்த ஏற்பாடுதான் வண்டியைக் காப்பாற்றியது. தூசியோடு நிற்கும் வண்டியைக் கழுவாமல் துடைக்கவே கூடாது.

கீறலைப் பார்த்ததும் ரப்பிங் காம்பவுண்டை, அதாவது தேய்க்கும் பசையை, தேட வேண்டாம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நனைந்ததும் மறைந்தால் கிளியரோடு நிற்கிறது, எடுக்கலாம். பிறகு நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டினால் பாலிஷில் முழுசாகப் போகாது. ஓரங்கள் மழுங்கி, கண்ணுக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரியும், அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இன்னொன்று, தேய்க்கும் துணியில் வண்டியின் கலர் ஒட்டினால் அதற்குக் கிளியர் கோட்டே இல்லை என்று அர்த்தம். பழைய மாருதி 800, சாதா வெள்ளை வண்டிகள் சிலவற்றில் அப்படி இருக்கும். அதில் நேராகக் கலரையே தேய்க்கிறீர்கள்.

மெஷின் வாங்குவதென்றால் டூயல் ஆக்‌ஷன் வகை மட்டும். சுழன்றுகொண்டே ஆடவும் செய்வதால் ஒரே இடத்தில் சீக்கிரம் சூடு ஏறாது. டிரில் மெஷினில் ஸ்பாஞ்சை மாட்டித் தேய்க்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. கதவு ஓரத்திலும் பாடி லைனிலும் பெயின்ட் இயல்பாகவே மெலிசாக இருக்கும், அங்கே ஒரு நொடியில் பிரைமர் தெரிந்துவிடும். அந்த ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் நான் மெஷினையே எடுப்பேன். நிழலில், பேனல் தொட்டால் ஜில்லென்று இருக்கும்போது, இரண்டடிக்கு இரண்டடி இடமாக. அதற்கு முன் கையில் ஒரு பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு கழுவிய போனட்டில் தடவிப் பாருங்கள்: வெறும் விரலுக்கு வழுவழு என்றிருந்த இடம் ரவை கொட்டியதுபோல் நெருடும். அதை க்ளே பார் என்ற களிமண் மாதிரிக் கட்டியால் சோப்புத் தண்ணீர் விட்டு எடுக்காமல் பாலிஷ் போட்டால், அந்தத் துகளே புதுக் கீறல் போடும்.

பாலிஷ் முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீர் கலந்து துடைத்துவிட்டுத்தான் தீர்ப்பு எழுத வேண்டும். பல பாலிஷ்களில் எண்ணெயும், கீறலை அடைத்து மறைக்கும் பொருளும் இருக்கும். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி மின்னும், சில வாஷில் கீறல் பழையபடி வந்து உட்கார்ந்திருக்கும். கீறலுக்கு டபிள்யூடி-40 ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கும் கதையும் இதுதான். டூத்பேஸ்ட் உண்மையிலேயே லேசாகத் தேய்க்கும், பொய் இல்லை. ஆனால் ரப்பர் பீடிங்கில் போய் வெள்ளையாகக் காய்ந்தால் அதை எடுப்பது தனி வேலை.

போர் தண்ணீர் உப்புக் கறைக்கு நான் பயன்படுத்துவது சமையல் வினிகரும் தண்ணீரும் சரிபாதி. துணியை நனைத்துக் கறை மேல் ஓரிரு நிமிடம் போட்டு, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். புதுக் கறை அப்படியே கரையும். வெயிலில் வெந்து பெயின்ட்டுக்குள் பள்ளம் போட்டுவிட்டது என்றால் கரையாது. காக்கா எச்சமும் அப்படித்தான், மே மாத மதியத்தில் சில மணி நேரமே போதும். ஈரத் துணி போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது.

மனதுக்குத் திருப்தி தந்தது ஷேர் ஆட்டோ உரசியதுதான். பின் பம்பரில் ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் பட்டை. பார்க்க பம்பரே போய்விட்டது மாதிரி இருந்தது. மைக்ரோஃபைபர் துணியில் துளி காம்பவுண்டை வைத்துக் கையால் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் துணிக்கு வந்துவிட்டது. அடியில் என் சில்வர் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது, இரண்டு மெல்லிய கோடுகள் தவிர. அடுத்த வண்டியின் பெயின்ட் நம் மேல் ஒட்டுவது நாம் நினைப்பதைவிட அதிகம். இதற்கெல்லாம் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போடுகிறவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளவும்: கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம் தொடங்கி ஐந்தாவது வருடத்தில் 50 சதவீதம் வரை ஏறும் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி ஒரு பம்பருக்காகப் போய்விடும்.

கல்லடி பட்ட புள்ளிகளில் பெயின்ட் வைக்கும் டச்-அப்தான் பொறுமையைச் சோதிக்கும். ஜிஎஸ்டி ரோட்டில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போனால் போனட் முனையில் கடுகளவு புள்ளிகள் விழும். பிளாஸ்டிக் பம்பரில் விழுந்தால் விட்டுவிடலாம், துருப்பிடிக்காது. தகட்டில் விழுந்ததை, அதுவும் கடற்காற்று உள்ள ஊரில், தள்ளிப்போடவே கூடாது. கரடான வாட்டர் பேப்பரில் பேப்பர் பஞ்ச் போட்டு விழும் வட்டத்தைப் பென்சிலின் ரப்பர் முனையில் ஒட்டி, புள்ளியை மட்டும் சுற்றிச் சுற்றித் துருவை எடுப்பேன். பிறகு பிரைமர், கலர், கிளியர், எல்லாம் பல்குச்சி நுனியால். காயும்போது பெயின்ட் உள்வாங்கும் என்பதால் மெலிசாக, இடைவெளி விட்டு, பல தடவை வைக்க வேண்டும். கலரின் கோட் நம்பர் வண்டியின் அடையாளத் தகட்டிலேயே இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

அப்படி வாங்கினாலும் சில்வர் சேராது. கம்பெனி ஸ்ப்ரேயில் உலோகத் துகள்கள் படுத்திருக்கும், குச்சியால் வைக்கும்போது தாறுமாறாக நிற்கும். எதிரே நின்றால் சரியாக இருக்கும், பக்கவாட்டில் போனால் கருப்புப் புள்ளி. கீறலை மறைக்கும் இதே கலர் டச்-அப்பைக் காட்டிக்கொடுக்கிறது. மேடாக இருக்கும் புள்ளியை 2000 நம்பர் மெல்லிய வாட்டர் பேப்பரால் மட்டம் பண்ணலாம்தான், நான் பண்ணுவதில்லை. துரு வராமல் இருந்தால் போதும். முதலில் வைத்த புள்ளிகள் இன்றுவரை துரு இல்லாமல் நிற்கின்றன. இந்த வேலைக்கு ஜனவரி, பிப்ரவரிதான் சரி. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் கிளியர் வைத்தால் பால் ஊற்றியதுபோல் வெளுத்துப்போகும்.

மெழுகு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கார்னௌபா என்ற பனை வகை மரத்தின் மெழுகு நம் வெயிலுக்குச் சில வாரம்கூடத் தாங்கவில்லை. சிந்தெடிக் சீலன்ட் என்ற செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு மாதக்கணக்கில் நின்றது.

சாவியால் யாரோ இழுத்த கோடு பின் கதவில் அப்படியே இருக்கிறது. நகம் மாட்டுகிறது, தகடு தெரியவில்லை, தொடவில்லை. கூரையின் பின் ஓரத்தில் மட்டும் கிளியர் வெளுத்து, உரியத் தொடங்கியிருக்கிறது. உரிந்த கிளியரை எந்தக் காம்பவுண்டும் ஒட்டவைக்காது. அது தேய்த்து, முழுப் பேனலும் அடிக்க வேண்டிய வேலை. பொங்கல் முடிந்ததும் பெயின்டரிடம் விடப்போகிறேன்.