பகடையா, திரையா? வன்னியில் எது எடுபடும்

'பல்டூர்ஸ் கேட் 3' வீடியோ கேமைக் கணினியில் நிறுவ 150 ஜிபி இடம் வேண்டும். முல்லைத்தீவின் உட்கிராமமொன்றில் கைத்தொலைபேசி டேட்டாவை நம்பி அதை இறக்குபவருக்குக் காசும் வேண்டும், பொறுமையும் வேண்டும். இத்தனைக்கும் 2023இல் வெளிவந்த அந்தக் கேமின் அடித்தளம், 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகள்தான். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட அந்த விளையாட்டுக்குக் கொப்பி, பென்சில், பகடை, நாலைந்து பேர் போதும். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் அதில் வரும் பாத்திரங்களாக ஆடுவார்கள்; எடுத்த முயற்சி பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

செலவை விடுங்கள், மொழிதான் பெரிய விடயம். பல்டூர்ஸ் கேட்டில் தமிழ் இல்லை. ஆங்கிலம் ஓடாதவர் பாதிக் கதையை ஊகித்துத்தான் ஆட வேண்டும். மேசை விளையாட்டின் விதிகளும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கதையை நடத்துபவர் மட்டும் அவற்றைப் படித்திருந்தால் மற்றவர்கள் தமிழிலேயே ஆடலாம். ஏறத்தாழ 400 பக்க அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டதால், மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் தமிழாக்கவும் செய்யலாம்.

களமும் நம்முடையதாகிவிடும். 1803ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியின் குறுநில மன்னன் பண்டார வன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது ஓகஸ்டில். கற்சிலைமடுவில் தோற்றது ஒக்டோபர் கடைசியில். இடைப்பட்ட நாட்களில் காட்டு வழியே ஓலை கொண்டுபோகும் நால்வர் நம் ஆட்டக்காரர்கள். யானை துரத்துகிறது. ஒருவர் பாலை மரத்தில் ஏறிக்கொண்டு, "பழம் இருக்கிறதா?" என்கிறார். "ஒக்டோபரில் ஏதடா பாலைப்பழம்?" என்கிறார் நடத்துபவர். ஏறியவர் விடுவதாயில்லை: "அப்படியென்றால் தேன்கூடு?" பகடை உருள்கிறது. திரையில் இந்தப் பேரம் நடக்காது; நிரலில் எழுதாத தேன்கூடு அங்கே கிடையாது.

இந்த ஆட்டத்துக்கு வேண்டிய இருபது முகப் பகடையை ஊர்க்கடையில் தேடி அலைய வேண்டாம். 1 முதல் 20 வரை எழுதிய துண்டுச் சீட்டுகளைத் தகரப்பேணியில் போட்டுக் குலுக்குங்கள். எடுத்ததைத் திரும்பப் போட மறக்காதீர்கள். தாயக்கட்டை இரண்டு சரிவராது. சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டும் அப்படித்தான்: 36இல் 6 தடவை 7 விழும், 12 ஒரே தடவை. சீட்டில் எல்லா எண்ணுக்கும் வாய்ப்பு ஒன்றுதான்.

காலபோக விதைப்பு தொடங்கியதும் மேசை ஆட்டம் படுத்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். நால்வரை ஒரே மாலையில் கூட்டுவது பெரும்பாடு. நடத்துபவர் வெளிநாடு போனால் கதையும் அவரோடு போய்விடும். வயலில் இருந்து வந்து தனியே ஒரு மணிநேரம் ஆட நினைப்பவருக்கு வீடியோ கேம்தான் சரி. அதற்கும் 150 ஜிபி தேவையில்லை. 1998இல் வந்த முதல் பல்டூர்ஸ் கேட் பழைய மடிக்கணினியிலேயே ஓடும்.