முகமறியாதவர்களிடம் ஆங்கில வீட்டுப்பாடம் கேட்ட ஏழு ஆண்டுகள்

2017ஆம் ஆண்டு என் மகள் ஆறாம் வகுப்புக்குச் சென்றபோது, அவளுடைய ஆங்கில வீட்டுப்பாடத்துக்கு என்னால் துணைநிற்க முடியாமல் போயிற்று. ஒரு வாக்கியம் சரியா தவறா என்று எனக்கு ஓரளவு தெரியும். ஏன் என்று அவள் கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படித்தான் இணையத்தில் முன்பின் அறியாதவர்களிடம் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. 2024இல் அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்வரை, வாரத்துக்கு ஒன்றிரண்டு கேள்விகளாவது கேட்டிருப்போம். அவற்றில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதை, இப்போது அதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதல் சில மாதங்கள் நாங்கள் கேட்ட முறையே தவறாக இருந்தது. பத்துக் கோடிட்ட இடங்கள் கொண்ட ஒரு பக்கத்தைப் படமெடுத்து அப்படியே பதிவேற்றினோம். சில நிமிடங்களில் பத்துக்கும் விடை வந்தது. அவள் பார்த்து எழுதிக்கொண்டாள். மறுநாள் அவற்றில் மூன்று தவறு என்று தெரிந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள், சரியாக இருந்த ஒரு விடைக்கு ஆசிரியர் காரணம் கேட்டபோது எழுந்து நின்று ஒரு சொல்லும் சொல்ல முடியாமல் போனதுதான் அவளை அழவைத்தது. அன்றிலிருந்து ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. வாக்கியத்தைப் படமாக இடாமல், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளோடு தட்டச்சு செய்ய வேண்டும். தான் எழுதிய விடையையும் அதற்குத் தான் நினைத்த காரணத்தையும் சேர்த்து எழுதி, அந்தக் காரணம் எங்கே பிசகுகிறது என்று மட்டும் கேட்க வேண்டும். இப்படி மாற்றியபின் வரும் மறுமொழிகள் குறைந்தன. ஆனால் முன்பு எங்கள் கேள்வியைத் திரும்பியும் பார்க்காத, விவரம் அறிந்த சிலர் பொறுமையாக எழுதத் தொடங்கினார்கள். வெறும் வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து கொட்டுபவருக்கு விடை சொல்வதில்லை என்பதைப் பலர் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். அந்தக் கொள்கை சரியானது என்றே நான் இப்போது நினைக்கிறேன்.

இந்த ஆண்டுகளில் நான் தெரிந்துகொண்டவற்றுள் முதன்மையானதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் 'இது சரி, அது தவறு' என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம்; அதற்கு அவர் தரும் காரணத்தை அதே அளவுக்கு நம்பக் கூடாது. 'மரம்' என்பதோடு 'ஐ' சேரும்போது அது 'மரத்தை' என்று ஆவது ஏன் என்று கேட்டால், இலக்கணம் படிக்காத தமிழர் எப்படித் திகைப்பாரோ, அப்படித்தான் அவர்களும் திகைக்கிறார்கள். வேறுபாடு என்னவென்றால், எழுத்தில் விடை சொல்லும்போது திகைப்பு வெளியே தெரிவதில்லை. கையில் கிடைத்த ஒரு காரணத்தைச் சொல்லிவிடுகிறார்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்ற தொடரில் 'டு' என்பதற்குப் பின் 'மீட்' வராமல் 'மீட்டிங்' வருவது ஏன் என்று மகள் ஒருமுறை கேட்டாள். தாய்மொழியாளர் ஒருவர், சந்திப்பு இனிமேல்தான் நடக்கப்போகிறது என்பதால் 'இங்' வருகிறது என்று எழுதினார். இன்னொருவர், மரியாதையான எழுத்துநடை என்பதால் என்றார். இரண்டும் தவறு. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்று, பிறகு கற்பிக்கவும் செய்த ஒருவர்தான் மூன்றாவதாக வந்து, இங்குள்ள 'டு' வேறு, 'ஐ வான்ட் டு மீட்' என்பதில் உள்ள 'டு' வேறு என்று விளக்கினார். முன்னது பிரிபொசிஷன், அதாவது பெயருக்கு முன் நின்று அதை மற்றச் சொற்களோடு இணைக்கும் சொல், அதன்பின் பெயர்ச்சொல் வர வேண்டும், வினை வந்தாலும் பெயராக மாறி வர வேண்டும். அதைச் சோதிக்க ஒரு வழியும் சொன்னார்: வினை இருக்கும் இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்' பொருந்துகிறது. 'ஐ வான்ட் டு த ஹாலிடேஸ்' பொருந்தவில்லை. இந்தச் சோதனையை அவள் பிறகு எத்தனை இடங்களில் தானாகப் பயன்படுத்தினாள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இதனால், விடையளிப்பவர் யார் என்பதைவிட அவர் எந்த வழியாக ஆங்கிலத்துக்கு வந்தார் என்பதைக் கவனிக்கத் தொடங்கினேன். 'எ', 'த' என்னும் ஆர்ட்டிகிள்கள் எங்களுக்குப் பெரிய இடர்ப்பாடாக இருந்தன. எந்தச் சொல்லுக்கு முன் எது வரும் என்று பலரும் விதிகளை அடுக்கினார்கள். 'ஹவர்' என்பதற்கு முன் 'ஆன்', 'யுனிவர்சிட்டி' என்பதற்கு முன் 'எ' என்பது எழுத்தைப் பொறுத்ததன்று, ஒலியைப் பொறுத்தது என்பதையெல்லாம் அழகாகவே சொன்னார்கள். ஆனால் அடிப்படையில் அந்தச் சொற்கள் எதற்கு என்பது அவளுக்கு விளங்கவே இல்லை. தமிழ் அறிந்த ஒருவர்தான் அதைத் திறந்துகாட்டினார். 'நான் புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'நான் புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு உனக்குத் தெரியுமல்லவா, இரண்டாவதைச் சொன்னால் கேட்பவருக்கு எந்தப் புத்தகம் என்று முன்பே தெரிந்திருக்கும், அந்த உணர்வைத்தான் ஆங்கிலம் 'த' என்று தனிச்சொல்லாக வைத்திருக்கிறது என்று எழுதினார். அஃறிணைச் செயப்படுபொருளுக்குத்தான் இந்த ஒப்பீடு நன்றாகப் பொருந்தும், எழுவாய்க்கு இதை நீட்டாதே என்று எல்லையையும் அவரே வகுத்துக் காட்டினார். ஓர் உதவியின் தரத்தை அது எங்கே பொருந்தாது என்று சொல்வதிலிருந்து அறியலாம் என்பது எனக்கு அன்று புரிந்தது.

விடையளிப்பவர்கள் ஒருவரோடொருவர் முரண்படும்போது தொடக்கத்தில் சலிப்புற்றோம்; பிறகு அந்த முரண்பாடுகளையே எதிர்பார்க்கத் தொடங்கினோம். 'ஐ ஹேவ் ஜஸ்ட் ஃபினிஷ்ட்' என்று ஒருவர் திருத்தினால் இன்னொருவர் 'ஐ ஜஸ்ட் ஃபினிஷ்ட்' என்பார். முன்னது பிரிட்டிஷ் வழக்கு, பின்னது அமெரிக்கர்களிடம் இயல்பாகப் புழங்குவது. எந்த ஆங்கிலத்தைப் பின்பற்றும் பாடநூல் என்று கேள்வியின் முதல் வரியிலேயே குறிப்பிட்டுவிட்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். 'நன் ஆஃப் த பாய்ஸ்' என்பதற்குப் பின் அவள் 'ஆர்' என்று எழுதியதை ஆசிரியர் தவறென்று குறித்திருந்தார். கேட்டபோது 'இஸ்', 'ஆர்' இரண்டுமே ஏற்கத்தக்கவை என்று பலர் எழுதினார்கள். அதை எடுத்துச்சென்று ஆசிரியரிடம் காட்ட வேண்டும் என்று அவள் துடித்தாள். நான் வேண்டாம் என்றேன். தேர்வில் பாடநூல் வழியே எழுதட்டும், இரண்டும் சரி என்பதை அவள் அறிந்திருக்கட்டும் என்பது என் எண்ணம். அதில் அவளுக்கு இன்றுவரை உடன்பாடில்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தகவல்களைத் திரட்டுவதை அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துவதால், பல சேவைகள் அந்த வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை. எனவே கணக்கு என் பெயரில்தான் இருந்தது. பள்ளியின் பெயரையோ அவளுடைய பெயரையோ எங்கும் இட்டதில்லை. தனிச்செய்தியில் வந்து கட்டுரையை எழுதித் தருகிறேன், இவ்வளவு பணம் தாருங்கள் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு மறுமொழி எழுதாமல் தடைசெய்துவிடுவதே வழி.

செய்யுள், சிறுகதை பற்றிய கேள்விகளில் எங்களுக்கு நல்ல பயன் கிடைக்கவில்லை. பகுதியைப் படிக்காமலேயே எங்கிருந்தோ எடுத்த சுருக்கத்தை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் அங்கே அதிகம். கவிதையின் குறிப்பிட்ட இரண்டு வரிகளைத் தந்து, இந்தச் சொல் இங்கே என்ன பொருளில் வருகிறது என்று கேட்டால் மட்டும் ஏதேனும் தேறும்.

கிடைத்த நல்ல விளக்கங்களை எல்லாம் கையால் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொன்னேன். இணையத்தில் இருப்பது இருந்துகொண்டே இருக்கும் என்று நினைப்பதற்கில்லை. 2005இல் தொடங்கிய யாஹூ ஆன்சர்ஸ் என்னும் கேள்வி-விடைத் தளம் 2021 மே 4 அன்று மூடப்பட்டதை நினைவில் கொள்ளலாம். அந்த நோட்டில் எங்களுக்கு மிகவும் உதவிய ஒரு குறிப்பு, விடையாக இல்லாமல் வழியாக வந்தது. 'டிஃபரண்ட்' என்பதற்குப் பின் 'ஃப்ரம்' வருமா, 'டு' வருமா, 'தேன்' வருமா என்று கேட்டதற்கு ஒருவர், மற்றவர்களைக் கேட்பதற்கு முன் நீயே தேடிப் பார் என்று அமெரிக்க ஆங்கிலத்தின் நூறு கோடிச் சொற்களுக்கு மேல் கொண்ட கோகா என்னும், மக்கள் எழுதியதையும் பேசியதையும் திரட்டித் தேடுவதற்கு வைத்திருக்கும் தொகுப்பைக் காட்டினார். அமெரிக்க எழுத்தில் 'ஃப்ரம்' முந்துகிறது, 'தேன்' அடுத்து வருகிறது, 'டு' அரிதாகவே தென்படுகிறது என்பதை அவளே எண்ணிப் பார்த்தாள். 'டு' பிரிட்டிஷ் வழக்கு என்பதையும், எங்கும் குறை சொல்லப்படாதது 'ஃப்ரம்' என்பதையும் அவர் பிறகு சொன்னார்.

2022 நவம்பர் இறுதியில், கேட்டதற்குத் தானே விடை எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான சாட்ஜிபிடி வெளியானபின் இந்த உதவியின் இயல்பு மாறியது. நிரல் எழுதுவோர் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, அடுத்த மாதமே அதைக் கொண்டு எழுதும் விடைகளைத் தடைசெய்தது. நாங்கள் கேட்ட இடங்களிலும் ஒரே நிமிடத்தில், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற நீண்ட விடைகள் வரத் தொடங்கின. அவற்றில் விடை பெரும்பாலும் சரியாகவே இருந்தது; காரணம் சில நேரங்களில் தவறாக இருந்தது; ஆனால் இரண்டும் ஒரே உறுதியோடு எழுதப்பட்டிருந்தன. 'எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, ஆனால் என் காதுக்கு இப்படித்தான் ஒலிக்கிறது' என்று எழுதுபவர்கள் குறைந்துபோனதைத்தான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். அந்த ஒரு வரி, எதை ஏற்க வேண்டும், எதை இன்னும் விசாரிக்க வேண்டும் என்பதைப் பிரித்துக் காட்டியது.

பதினொன்றாம் வகுப்பில் அவள் தானே விடையளிக்கத் தொடங்கினாள். 'சின்ஸ்', 'ஃபார்' வேறுபாடு போன்ற எளியவற்றில் தொடங்கியவள், ஒரு விடையை எழுத அரைமணி நேரம் எடுத்துக்கொள்வாள். காரணத்தை எழுதும்போதுதான் தனக்கு எது தெரியாது என்று தெரிகிறது என்பாள். இப்போது கல்லூரியிலும் அதை விடவில்லை. சென்ற மாதம் யாரோ ஒரு பிள்ளை, 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதற்குப் பின் ஏன் 'இங்' வருகிறது என்று கேட்டிருந்தது. பெயர்ச்சொல் சோதனையை விளக்கி எழுதினாள். சிறிது நேரத்தில் அந்தப் பிள்ளை மீண்டும் வந்து, அப்படியென்றால் 'ஐ யூஸ்ட் டு ரீட்' என்று ஒரு பாடத்திலும் 'ஐ ஆம் யூஸ்ட் டு ரீடிங்' என்று இன்னொரு பாடத்திலும் இருப்பது எப்படி என்று கேட்டது. அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்துவந்தாள்.